இன்னுமொரு பாட்டு

ஸ்கேன் இயந்திரம் தலையைச் சுற்றித் தடதடத்ததும் நான் திருகோணமலைப் பதுங்கு குழிக்குள் போய்விட்டேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். அப்பா வேலை செய்த துறைமுகத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. குழிக்குள் அம்மாவின் மடியில் பழைய செய்யுள் புத்தகம். ஒட்டிக்கிடந்த சொற்களைப் பிரித்தால்தான் பொருள் விளங்கும்.

“பிரி பிள்ளை.”

பிரிக்கப் பிரிக்க, பயப்பட மூளையில் இடமிருக்கவில்லை.

ஆபத்து நீங்கியதென்று சங்கு ஊதியது. அயலவர்கள் மேலே ஏறிப் போனார்கள். அம்மா மட்டும் என் கையை விடவில்லை.

“இன்னுமொரு பாட்டுப் பாத்திட்டுப் போவம்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா பின்னேரம்தான் கரி படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தார்.

மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்த பாட்டு முடியுமுன் இயந்திரம் ஓய்ந்தது.

“முடிஞ்சுது அம்மா, எழும்புங்கோ. டொக்டர் கதைக்க நிக்கிறார்,” என்றான் ஸ்கேன் எடுத்த பொடியன்.

“பொறுங்கோ தம்பி,” என்றேன். “இன்னும் ஒரு அடி கிடக்கு.”