குமணன்சாவடியில் ஜியு ஜிட்சு

பல மாதமாகத் தேடி, கடைசியில் நம்ம பக்கத்திலேயே ஒரு பிரேசிலியன் ஜியு ஜிட்சு வகுப்பு கிடைத்தது. குமணன்சாவடியில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. இன்று வேலை முடிந்து நேராகப் போனேன்.

தரையில் புரண்டு எதிராளியை மடக்குகிற சண்டை அது. தனியாகப் பழக முடியாது. மேலே விழுந்து அமுக்க இன்னொரு ஆள் வேண்டும்.

உள்ளே ஏழெட்டுப் பையன்கள். பெண் நான் ஒருத்திதான்.

"யார்னா சிஸ்டர் கூட ஜோடி போடுங்கப்பா," என்றார் மாஸ்டர்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"டேய், நீ போடா," என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளினான்.

"மாமே, என்னை மாட்டிவுடாத. நீயே போ."

ஒருவன் மட்டும் என்னிடம் வந்து சொன்னான்: "அக்கா, தப்பா நெனிக்காதீங்க. யார்னா வீடியோ எட்த்துப் போட்டா ஊட்ல பின்னிடுவாங்க."

பஸ்ஸில் இடம் இருந்தும் மேலே வந்து சாய்கிறவர்களுக்கு இந்தக் கூச்சம் வந்து நான் பார்த்ததில்லை. நானே கேட்டு நிற்கிற இடத்தில்தான் எல்லோருக்கும் ஒழுக்கம் ஞாபகம் வருகிறது.

ஒரு மணி நேரம் சுவரோரம் தனியாக உருண்டேன். கிளம்பும்போது மாஸ்டர், "இன்னொரு லேடீஸ கூட்டினு வாம்மா, அப்பதான் கத்துக்க முடியும்," என்றார்.

வெளியே நின்று போனில் இருந்த பெயர்களை எல்லாம் பார்த்தேன். ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்தியை இருட்டினால் வெளியே விடமாட்டார்கள். மற்றவர்களிடம் நான் கடைசியாகப் பேசியது பிறந்தநாள் வாழ்த்து.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பெண்களே, என் கழுத்தை நெரிக்க ஒருத்தி தேவை. முன் அனுபவம் வேண்டாம். கோபம் இருந்தால் போதும்.