பொத்தி வளர்த்த முழங்கால்

செருப்புக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'பத்திரம்'. யார் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் "முட்டி பத்திரம்" என்பார். மனுஷர் விற்பனைக்குத்தான் சேர்ந்தார். வருகிறவர்கள் காலடியில் குந்தி ஷூ மாட்டிவிடுவது முட்டிக்கு ஆகாது என்று முதலாளியிடம் அழாத குறையாகக் கெஞ்சிக் கல்லாவுக்கு மாறிவிட்டார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார்கள்! பக்கத்துத் தெருவுக்குப் போகவும் ஸ்கூட்டர்தான். மாடியில் காயும் துணியை எடுக்க மனைவிதான் ஏற வேண்டும்.

எல்லாம் அண்ணனைப் பார்த்து வந்த பயம். இளவட்டமாக இருந்தபோது பந்தாடப் போன அண்ணனுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்து, அறுவை சிகிச்சை வரை போனது. அப்போது டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அண்ணன் இன்றுவரை விடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பல் தேய்ப்பதும் ஒற்றைக் காலில்தான்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணா இவ்வளவு பெயின்ட்?" என்பார் தம்பி.

"டேய், ஜவ்வைத் தாங்குறதே தொடைச் சதைதான்டா. நீ அதைக் கரைச்சுட்டு உட்கார்ந்திருக்க."

உட்கார்ந்து தின்றால் மலையே கரையும் என்பார்கள். தொடைச் சதை எம்மாத்திரம்? தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளுடைய பள்ளியில் வருஷா வருஷம் விளையாட்டு விழா. பெற்றவரும் பிள்ளையும் கைகோத்து ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. அந்த வாரம் பார்த்து நம் ஆளுக்குத் தலைவலி வந்துவிடும். இந்தத் தடவை மகள் அழுதுவிட்டாள்.

"உங்க அப்பாவுக்கு ஓடவே தெரியாதான்னு கேக்குறாங்கப்பா."

அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை. மகளுக்கு முன்னால் முட்டியாவது மண்ணாவது! அன்றே புது ஷூ வாங்கினார்.

"ரெண்டு வாரமாவது நடந்து பழகுடா" என்றார் அண்ணன்.

"எதுக்குண்ணா? இத்தனை வருஷமா தேயாம வெச்சிருக்கேன். புத்தம்புதுசா இருக்கும்."

விசில் ஊதியதும் ஓடினார் பாருங்கள், மகளே மலைத்துப்போனாள். மைதானத்தின் மறுகோடியில் நட்டிருந்த குச்சியைச் சுற்றித் திரும்ப வேண்டும். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே 'டப்'பென்று ஏதோ அறுந்தது. ஐயோ என்று சாய்ந்தார். மனைவி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். மகள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "பெரியப்பா, வாங்க பெரியப்பா!"

தம்பியை எட்டிப் பார்த்த அண்ணன், உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பறந்தார். மூன்றாம் பரிசு!

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு கிடந்தார் தம்பி. கழுத்தில் பதக்கத்தோடு மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதாப்பா?"

"இல்லடா தங்கம். அடுத்த வருஷம் பாரு, நீயும் அப்பாவும்தான் முதல் பரிசு."

அவள் அவர் கையை ஆதரவாகத் தடவிக்கொடுத்தாள்.

"நீங்க கவலையே படாதீங்கப்பா. பெரியப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சுட்டேன்."