சேலை வேலியும் மொச்சைக் குழம்பும்

பனியில் நனைந்த நூல்சேலை காற்றில் அடிபடும்போது, ஈரத்துணியை யாரோ ஓயாமல் உதறிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சத்தம் வரும். தொப்பூர் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊரில் மார்கழிக் காலைகள் அந்தச் சத்தத்தோடுதான் விடிந்தன. வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்தைச் சுற்றிக் குச்சிகளை நட்டு, கட்டிக் கிழிந்த சேலைகளை இடுப்புயரத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அதுதான் வேலி. கார்த்திகை பிறந்துவிட்டால் ஊரில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது, "சீல கட்டியாச்சா?" என்பதைத்தான்.

மேட்டு நிலத்தில் ராகி அறுத்து, நிலக்கடலை பிடுங்கி முடிந்த பிறகு பச்சையென்று மிஞ்சுவது வீட்டுத் தோட்டங்கள் மட்டுமே என்பதால், அதுவரை அந்த மேட்டுக் காட்டிலேயே மேய்ந்த மான்கள் வாசல்வரை வரத் தொடங்கும். முடிதிருத்தும் கடையிலிருந்து மயிரைச் சாக்கில் வாங்கி வந்து தூவுகிறவர்கள் உண்டு, காலி பாட்டில்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் சேலைக்கு நிகராக எதையும் ஊர் நம்பவில்லை. மான் நினைத்தால் இடுப்புயரச் சேலையை ஒரே தாவில் தாண்டிவிடும். அதை அப்படி நினைக்கவிடாமல் செய்வது சேலையில் ஊறிய மனித வாசமும், முந்தானை எந்த நேரம் எந்தப் பக்கம் ஆடும் என்று தெரியாததும்தான். அதனால் உடுத்திக் கழித்ததை அப்படியே, துவைக்காமல், கொஞ்சம் தொளதொளவென்று கட்ட வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கும் பெரியம்மா தோட்டத்துக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, அம்மாவுக்கு அக்கா முறை. அவருடைய வேலியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பெங்களூரில் வேலை செய்த அவர் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம் சேலை எடுத்து வந்ததால், பெரியம்மாவுக்குக் கழித்துப்போடவே அத்தனை இருந்தன. ஊதா, கிளிப்பச்சை, சரிகை போன கத்திரிப்பூ நிறப் பட்டு ஒன்று. பேருந்தில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்படி அந்த வேலி ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் வேலியில் சாயம் வெளுத்த மூன்று நூல்சேலைகளும், அது போதாத இடத்தில் யூரியா சாக்கும். மான்களுக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. பெரியம்மா பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், சாக்கு கட்டிய மூலை வழியாக எங்கள் தோட்டத்துக்குள்தான் அவை இறங்கும். மானுக்குக்கூட எங்கள் வீடு என்றால் இளக்காரம் என்று நான் அழுதிருக்கிறேன்.

இந்த எரிச்சல் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அதற்குக் காரணம் சேலை அல்ல, அப்பா.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். அப்போது பெரியம்மா வீட்டில்தான் போன் இருந்தது. அப்பா வருகிற சேதி முதலில் அங்கேதான் வரும். பெரியம்மா அதை எங்களிடம் சொல்லும்போது அவர் வீட்டுக் குழம்பு கொதிக்கத் தொடங்கியிருக்கும். அப்பா லாரியை விட்டு இறங்கியதும் நேராக "அண்ணி" வீட்டுக்குப் போய், களியும் பச்சை மொச்சைக் குழம்புமாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு எங்கள் வாசல் ஏறுவார். "அண்ணி வெச்ச கொழம்பு இருக்குதே" என்று ஆரம்பித்தால் கை கழுவிய ஈரம் காய்கிறவரை அதே பேச்சுதான். இதில் தப்பாக நினைக்க எதுவும் இல்லை. தாயில்லாமல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையனுக்கு, கல்யாணமாகி வந்த நாள் முதல் சோறு போட்டு வளர்த்தவர் பெரியம்மா. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவள் ஆக்கி வைத்த சோறு ஆறிக் கிடக்கும்போது நெஞ்சு கேட்குமா? எனக்கோ அப்பா கொண்டுவந்த மிட்டாய்ப் பொட்டலத்தில் பாதி அங்கேயே காலியாகிவிட்ட கோபம்.

ஒரு வருஷம் அம்மா இதற்கு முடிவு கட்டுவதென்று இறங்கினாள். மொச்சைதானே அவருக்கு உயிர், நம் தோட்டத்து மொச்சையைப் பறித்து நம் அடுப்பில் குழம்பு வைத்து ஒரு தடவையாவது முதல் சோறு இந்த வீட்டில் தின்ன வைக்கிறேன் பார் என்று, யாரிடமும் சொல்லாமல் தோட்டம் முழுக்க மொச்சை ஊன்றினாள். வரப்போரம் மட்டும் கொஞ்சம் கத்திரியும் தக்காளியும். செடி பூத்துக் காய் பிடித்த சமயம் பெரியம்மா பாதையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தன்னிடம் பழைய சேலை மூட்டையாகக் கிடக்கிறது, சாக்கை எடுத்துவிட்டு அதை வாங்கிக் கட்டு என்றார். அம்மா சிரித்த முகமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து தண்ணீர்ச் சொம்பை ணங்கென்று வைத்தாள். மறுநாளே காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய், அங்கே இருந்த பழைய சேலைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கொண்டு வந்தவள் சும்மா இருந்தாளா? ரோட்டில் போகிறவர்கள் பெரியம்மா வேலியைப் பார்க்கிற கண்ணோடு எங்கள் வேலியையும் பார்ப்பார்களே, கறையும் அழுக்குமாகக் கட்டினால் பிறந்த வீட்டுக்கு அல்லவா கேவலம் என்று, அத்தனை சேலையையும் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, வெள்ளைச் சேலைக்கு நீலம்கூடப் போட்டு, வெயிலில் காயவைத்தாள். கிழிசலை உள்பக்கம் மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல், கல்யாணப் பந்தலில் துணி கட்டுவதுபோல விறைப்பாக இழுத்துக் கட்டினாள். துவைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல, ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அவள் அந்த வேலியை மானுக்காகக் கட்டவில்லை, பெரியம்மாவுக்காகக் கட்டினாள். நானும் தள்ளி நின்று பார்த்து, நம்முடையதுதான் அழகு என்று பூரித்துப்போனேன்.

"தம்பி நாளைக்கி மத்தியானம் வர்றாராம்" என்று பெரியம்மா வந்து சொன்ன மறுநாள் விடியற்காலை, காய் பறிக்கக் கூடையோடு போன அம்மா கூடையைக் கீழே போடாமல் அப்படியே நின்றாள். ஒரு சேலைகூட அவிழவில்லை. சோப்பு வாசம் மணக்க விறைப்பாக நின்ற வேலிக்குள்ளே மொச்சைச் செடிகள் கொழுந்தும் காயும் இல்லாமல் குச்சிகுச்சியாக இருந்தன. மண்ணெல்லாம் குளம்படி. மானைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் பாதைக்கு அந்தப் பக்கம் காய்த்துக் குலுங்கிய தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா மடி நிறைய மொச்சையோடு வந்தார். வேலியைத் தடவி மோந்து பார்த்தார். உள்ளே வந்து முறத்தில் மொச்சையைக் கொட்டி, இதை உரித்து நீயே குழம்பு வை, இன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை, எல்லோரும் இங்கேதான் சாப்பாடு என்றார். அம்மா வெடுக்கென்று, உங்கள் காயை வைத்து உங்களுக்குத்தானே பேர் வாங்கித் தர வேண்டும், எனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டாள். பெரியம்மா முறத்தின் எதிரே உட்கார்ந்து ஒரு காயைப் பிளந்தார்.

"உனக்கு என்னைக் கண்டா எரியுது. எனக்குத் தெரியும் ராணி. எனக்கு உன்னைக் கண்டா எரியுது, அது உனக்குத் தெரியுமா? உங்கூட்டுக்காரரு வாயத் தொறந்து நல்லா இருக்குதுன்னு சொல்றாரு. எங்கூட்ல ஒரு மனுசன், கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து சோறு போடறேன், உப்பு இருக்குது இல்லைன்னுகூடச் சொன்னதில்ல. தம்பி வந்து சொல்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் கொழம்பு வெக்கறேன்."

அம்மா முறத்தின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து ஒரு காயை எடுத்தாள். இரண்டு பேருமாக உரித்து முடித்தார்கள்.

மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் எங்கள் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெரியப்பா முன்னால் அம்மா வந்து நிற்க மாட்டாள். புருஷனின் அண்ணன் எதிரில் நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அவள் கதவுக்குப் பின்னால் நிற்க, பெரியம்மாதான் பரிமாறினார். அப்பா களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். இன்னொரு உருண்டை. எனக்குப் பசியே மறந்துவிட்டது. கதவிடுக்கில் அம்மாவின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"நல்லா இருக்குது" என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பிடியே அண்ணி வெச்ச மாதிரியே இருக்குது."

விரல்கள் உள்ளே போய்விட்டன. எனக்கு அப்பாவின் தட்டைப் பிடுங்கி வெளியே எறியலாம்போல இருந்தது. அப்போதுதான், சாப்பிடும்போது வாய் திறந்து பேசி யாரும் பார்த்திராத பெரியப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மாதிரியெல்லாம் இல்ல. இதுல புளி தூக்கலா இருக்குது. அவ இப்பிடி வெக்க மாட்டா. அவ கொழம்பு வேற."

பெரியம்மா கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்கு மேலேயே நின்றது. பிறகு கேட்காமலே பெரியப்பாவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார், போதும் என்று கை காட்டியும் ஊற்றினார். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண் தோற்றுப்போவாள். ஆக, எங்கள் வீட்டில், எங்கள் அடுப்பில், என் அம்மா வைத்த குழம்பில் கிடைத்த இரண்டு பாராட்டும் பெரியம்மாவுக்கே போய்ச் சேர்ந்தன. ராத்திரி அம்மா என் தலையை வாரியபோது சீப்பு மண்டையில் கீறியது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் போட்டி ஓயவில்லை. ஆனால் அம்மா பெரியம்மாவின் பழைய சேலைகளை வாங்கி, துவைக்காமல் கட்டினாள். அடுத்தடுத்த வருஷங்களில் எங்கள் மொச்சையும் தப்பித்தது. அப்பா இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, இரண்டு பேர் எதிரிலும் மாட்டிக்கொண்டு முழித்தார்.

இப்போது ஊரில் சேலை வேலி இல்லை. தோட்டங்களைச் சுற்றி சோலார் கம்பி ஓடுகிறது. தொட்டால் சுரீர் என்கிறது. மான்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. கிழிந்த சேலையை ஆளுக்கொரு பக்கமாகக் கிழித்து வண்டி துடைக்கிறார்கள். பெரியப்பா போய், அடுத்த வருஷமே பெரியம்மாவும் போய்விட்டார். அவர் தோட்டம் இருந்த இடத்தில் பெங்களூர்ப் பிள்ளைகள் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அப்பா லாரியை விட்டுவிட்டார். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். அம்மா எதை வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறார்.

போன பொங்கலுக்கு நான் தருமபுரியிலிருந்து போயிருந்தேன். அம்மா தன் தோட்டத்து மொச்சையில் குழம்பு வைத்திருந்தாள். முதல் உருண்டையை விழுங்கிவிட்டு அப்பா, "உன்ன மாதிரி யாரும் வெக்க முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்த அத்தனை வருஷமும் எனக்குத் தெரியும் என்பதால், ஆசையோடு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே தகரக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதக் கேக்கறதுக்கு அக்கா இல்லாம போயிட்டாளே" என்றாள்.