ஷவரில் மிதந்த கறிவேப்பிலை

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவன் நான்தான். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அலசினால்தான் எனக்குத் திருப்தி. இர்விங் நகரில் இருக்கும் எங்கள் வீட்டில் அதை யாரும் குறை சொன்னதில்லை.

போன வசந்தகால விடுமுறையில் சமையலறை, குளியலறையோடு நடமாடும் வீடு போன்ற ஓர் ஆர்வி வண்டியை வாடகைக்கு எடுத்து, மனைவி, பதினான்கு வயது மகளோடு வண்டியோடு தங்க இடம் தரும் ஸ்டேட் பார்க் ஒன்றில் தங்கினேன். அங்கே குழாய்த் தண்ணீர் தாராளம். ஆனால் குளிக்கிற, கழுவுகிற தண்ணீரெல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு சின்ன டேங்கில்தான் சேரும். இரண்டாம் நாளே அது முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

"எல்லாம் உன் குளியலாலதான். இனிமே ரெண்டே நிமிஷம்!" என்று மகளைத் திட்டினேன். போனில் டைமர் வைத்துக் கதவைத் தட்டினேன். தலையில் நுரையோடு வெளியே வந்தாள்.

மறுநாள் மதியம் அரிசி களைந்து, கஞ்சி வடித்து, சாப்பிட்ட பிறகு சாம்பார் பாத்திரத்தை வழக்கம்போல் அலசிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!" என்று மனைவி கத்தினாள்.

டேங்க் நிரம்பி, ஷவரின் வடிகால் ஓட்டை வழியாகக் கலங்கல் தண்ணீர் மேலேறித் தரையில் பொங்கி நின்றது. அதில் சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை.

மகள் எட்டிப் பார்த்தாள். "டாட், ஐ டோன்ட் ஷவர் வித் கடுகு."

பாத்திரம் பளபளக்கிறதா என்று பார்த்தேனே தவிர, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சாரிடா கண்ணு. தப்பு அப்பா மேலதான்" என்றேன்.

பார்க்கிலேயே கழிவுநீர் கொட்டும் இடம் இருந்தது. அங்கே டேங்கைக் காலி செய்துவிட்டுத் திரும்பியதும், "இப்ப போய் நல்லா குளி" என்று அவளிடம் சொன்னேன். கழுவுவதற்கு முன் எச்சில் தட்டுகளைக் காகிதத்தால் துடைத்தபடி வெளியே உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நேரம் பார்க்கவில்லை.