மூன்று சதவீதத்தில் நலம் விசாரிப்பு

என் மச்சான் ஹுமைத், கடலுக்கு எட்டாத எங்கள் பாலைவன ஊர் இப்ராவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அந்த பஸ் என்றைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராது. கோளாறு பஸ்ஸில் இல்லை, ஓட்டுகிற ஆளிடம். ஒவ்வொரு வாசலிலும் கண்ணாடியை இறக்கி, பிள்ளையின் அப்பா சுகமா, அவருடைய அப்பா சுகமா, ஒட்டகம் தீவனம் எடுக்கிறதா என்று கேட்டு, "வேற என்ன சேதி?" என்று முடிப்பதற்குள் அங்கே முதல் மணி அடித்துவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பதுதான். வீடே பற்றி எரிந்தாலும் "சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லது" என்றுதான் பதிலும் வரும். ஆனால் இவர் அளவுக்கு யாரும் போவதில்லை.

இந்த மனுஷனுக்கு நாற்பத்தாறு வயதில் கயாக் என்கிற ஓராள் துடுப்புப் படகுப் பைத்தியம் பிடித்தது. பேரீச்சந்தோப்பில் வளர்ந்தவர். போனில் எவனோ மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு கயாக் வாங்கினார். ஒன்றில் என்னை ஏற்றினார். ஸூர் கடற்கரைப் பக்கம் பழகிய தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் வம்பில்லை. போன அமாவாசைக்கு மஹூத் வளைகுடாவுக்குப் போகலாம் என்றார். இருட்டில் விளக்கு வைத்தால் அங்கே கலவா மீன் தானாக வருமாம்.

அந்தக் கரையில் தாலிப் இருக்கிறார். மச்சானோடு பட்டாளத்தில் இருந்தவர், சொந்தப் படகு வைத்திருக்கும் மீனவர். தண்ணீர் எப்படி என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கலாமே என்றேன்.

"போனா ஆடு அறுப்பான்டா ஸாஹிர். விடிய விடிய உட்கார வச்சிருவான். அவனுக்கு எதுக்கு சிரமம்?"

ஆக, ஓர் ஆட்டின் உயிரைக் காப்பாற்ற எங்கள் உயிரைப் பணயம் வைத்தார்.

ஒன்பது மணிக்கு இறங்கினோம். இரண்டு கலவா கிடைத்தது உண்மைதான். பதினொரு மணிக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. வற்றுவதென்றால் நாங்கள் பார்த்த மாதிரி அல்ல, ஆறு மாதிரி கடலை நோக்கி ஓடியது. துடுப்புப் போடப் போடக் கரை விளக்கு சிறிதாகிக்கொண்டே போனது. வளைகுடாவின் முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டால் பம்பாய் வரைக்கும் தண்ணீர்தான்.

தாண்டுவதற்குச் சற்று முன் அடியில் இறக்கிவைத்திருந்த ஒரு மீன்கூண்டின் மிதவை கைக்கு அகப்பட்டது. இரண்டு கயாக்கையும் அதில் கட்டினோம். வெயிலில் நைந்துபோன கயிறு. ஒவ்வொரு இழுப்புக்கும் நறநறவென்றது. என் போன் ஏற்கெனவே கடலுக்குள் போயிருந்தது. மச்சானின் போனில் மூன்று சதவீதம் மிச்சம்.

"தாலிப்பைக் கூப்பிடுங்க மச்சான், சீக்கிரம்!"

கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தாலிப்! நல்லா இருக்கியா? புள்ளைங்க எப்படி? அப்பா எப்படி இருக்காங்க?"

"மச்சான், கயிறு!"

கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"அல்ஹம்துலில்லாஹ், நாங்களும் சுகம்தான். சேதியா? சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லது. உன் பக்கம் என்ன சேதி? அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா?"

"ஐயோ, இடத்தைச் சொல்லித் தொலைங்க!"

"அது வந்து தாலிப், ஒரு சின்ன உபகாரம்..."

போன் அணைந்தது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வயதில் பெரியவர், அக்காவின் புருஷன் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அஞ்சு மாசமா பேசல. எடுத்த எடுப்புல காப்பாத்துன்னு எப்படிடா கேக்குறது?" என்றார்.

கயிற்றில் ஒரு புரி அறுந்தது. எனக்கு மூன்று பெண் குழந்தைகள். மூவரின் பெயரையும் சத்தமாகச் சொல்லி, உங்கள் நலம் விசாரிப்புக்காக இவர்கள் தகப்பன் இல்லாமல் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயமே இல்லாத மடையன் என்று நினைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மோட்டார் சத்தம் கேட்டது. தாலிப்தான். எங்களை ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

"நாங்க இடமே சொல்லலையே, எப்படிண்ணே வந்தீங்க?"

"போன்ல தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. கரையோரமா உங்க வண்டியத் தேடினேன், நின்னுச்சு. இந்த நேரத்துல தண்ணி எங்க இழுத்துட்டுப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

"ஆனா ஆபத்துன்னு எப்படித் தெரியும்? இவருதான் எல்லாம் நல்லதுன்னாரே."

தாலிப் மோட்டாரைத் திருப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு தடவை எங்கப்பாவைக் கேட்டான். அப்பா மவுத்தாகி அஞ்சு மாசம். இவனும் வந்து குழியில மண் போட்டான். ஊரே மறந்தாலும் இவன் மறக்கிற ஆளா? புத்தி கலங்குற அளவுக்குப் பயந்துட்டான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

மச்சான் அப்படியே படகின் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தாலிப், உங்கப்பாவை... நான்..." என்று இழுத்தார். என்னைக் காட்டினார். "இவனைக் கூட்டிட்டு வந்துட்டேன்டா. மூணு பொம்பளப் புள்ளைங்க" என்று சொல்லி அழுதார்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கரை வரும்வரை விடவில்லை.