தம்பியின் தலைமுடியும் என் மகளின் நெற்றியும்

மகள் பிறந்த நான்காவது மாதத்தில் ராஜபாளையத்தில் எங்கள் அம்மா வீட்டில் இரண்டு பேருக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் என் தம்பிக்கும். குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையில் அடைத்துக் கிடப்பதை அம்மா விரலில் சுருட்டி எடுப்பாள். நீளமாக இருந்தால் என்னைத் திட்டுவாள், குட்டையாக இருந்தால் அவனை.

எனக்குக் கொட்டியது பிள்ளை பெற்றவர்களுக்குக் கொட்டுகிற முடி. திரும்ப வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று பிரசவம் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதற்கும் கவலைப்பட்டேன் என்பது வேறு. தம்பிக்கு அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அவன் திருநம்பி. பிறந்தபோது எனக்குத் தங்கச்சி என்று சொல்லித்தான் காட்டினார்கள். தான் அதுவல்ல என்று கல்லூரி முடித்த பிறகு எங்களிடம் சொன்னான். அதற்குப் பின் சில வருடம் கழித்து மதுரையில் ஒரு டாக்டரிடம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்தான். குரல் உடைந்தது, தோள் அகன்றது. தாடி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தயங்கி நின்றது. அது அடர்த்தியாவதற்குள் நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் முடி பின்வாங்கத் தொடங்கிவிட்டது.

ஊசி போடும் முன்பே டாக்டர் இதைச் சொல்லியிருந்தார். குடும்பத்து ஆண்களுக்கு வழுக்கை உண்டென்றால் ஊசிக்குப் பிறகு உனக்கும் வரலாம் என்றாராம். இவன் அப்பாவை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தான். அப்பா இறக்கும்போதும் சீப்பு நுழையாத முடியோடுதான் போனார். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் முப்பது வயதில் நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஆனவர்கள். தாய்வழியிலும் அது வரும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவன் வேலை பார்ப்பது ஒரு நூல் மில்லில். அங்கே அவனைப் பற்றித் தெரிந்தவர்களும் இருந்தார்கள், தெரியாதவர்களும் இருந்தார்கள். தெரியாத ஒருவர் சொன்னதை ஒருநாள் வந்து சொன்னான்.

“‘ஏலே, நெத்தி ஏற ஆரம்பிச்சிருச்சு, மிச்சம் இருக்கும்போதே பொண்ணு பாத்துரு’ங்கான். சந்தோஷப்படவா அழவான்னு தெரியலக்கா. ஆம்பளைன்னு ஒத்துக்கிட்டான். ஆனா அதுக்கு வெலையா என் முடியக் கேக்கான்.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அவன் அன்று வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்று முடியை முன்பக்கம் இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு அதில் ஒரு நம்பிக்கை பிறந்தது. “ஊசியப் போடுறதுக்கு முன்னாடி இப்படிக் கொட்டலைல்லா? கொஞ்ச நாளு நிறுத்தித்தான் பாரேன்” என்றாள்.

“நிறுத்தினா போன முடி வந்துருமாம்மா?”

“வராதா?”

“வராது” என்றான். “முடி இல்லாட்டியும் நான் கண்ணாடியப் பாப்பேன். ஊசி இல்லாட்டி பாக்க மாட்டேன்.”

அது உண்மை. ஊசிக்கு முந்தைய வருடங்களில் அவன் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைவாருவதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். அம்மா அதன் பிறகு ஊசியைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு பிழிந்து எங்கள் இருவர் தலையிலும் தேய்த்தாள். சாம்பாரில் விழுந்து எழுந்தவர்களைப் போல ஒரு வாரம் இருவரும் மணத்தோம்.

வெங்காயம் கேட்கவில்லை. மதுரை டாக்டரிடம் மறுபடி போனான். முடி உதிர்வதைத் தடுக்க ஒரு மாத்திரை உண்டு, ஆனால் அது தாடி வளர்வதையும் மந்தமாக்கலாம், கொஞ்சம் பொறு என்று சொல்லித் தலையில் தடவும் மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்தார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் கையில் பஞ்சால் துடைப்பார்களே, அந்த வாசனை. முதலில் இன்னும் அதிகமாகக் கொட்டி அவனைக் கதிகலங்க வைத்தது. பிறகு ஒருநாள் செல்போன் வெளிச்சத்தை நெற்றியோரம் அடித்துக் காட்டினான். “தொட்டுப் பாருக்கா, சொரசொரன்னு இருக்கு பாரு.” இருந்தது. முதல் தடவை தாடி முளைத்தபோதுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

மகளுக்கு அவன் தோள்தான் தூளி. மாலை மில்லிலிருந்து வந்து குளிப்பான், மருந்தைத் தடவுவான், அவளைத் தூக்கித் தோளில் போடுவான். அவள் தன் நெற்றியை அவன் காதோரத் தலையில் அழுத்திக்கொண்டு, ஒரு கையால் முடியைப் பற்றிக்கொண்டு தூங்குவாள். நான் எத்தனை பாடினாலும் அழுகிறவள், அவன் வெறுமனே நடந்தால் போதும், தூங்கிவிடுவாள். எனக்கு அதில் பொறாமையும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அந்த நேரத்தில்தான் நான் சாப்பிடுவேன்.

அவளுக்கு ஆறு மாதம் நடக்கும்போது குளிப்பாட்டுகையில் கவனித்தேன். தலைமுடிக்கும் புருவத்துக்கும் நடுவே நெற்றியில் கருகருவென்று முடி இறங்கியிருந்தது. பிறந்தபோது இருந்த பூமுடி இல்லை இது. அம்மாவிடம் காட்டினேன்.

“ஒங்க மாமனாரு கை காலப் பாத்திருக்கியாட்டி? கரடி கணக்கா. இது அந்த வீட்டு முடி. பயத்தமாவு போட்டுத் தேச்சா போயிரும்.”

எனக்கு அத்தோடு விட மனமில்லை. தம்பி போடும் மருந்தின் பெயரைப் போட்டு, கூடவே குழந்தை என்றும் போட்டுச் செல்போனில் தேடினேன். வீட்டில் பெரியவர்கள் அதைத் தடவிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினால், பட்ட மருந்தால் பிள்ளைக்கும் உடம்பில் முடி வளரக்கூடும் என்று இருந்தது. மூடி வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். அவள் எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்வாள், முடியோ நெற்றி முழுவதும் இருந்தது. அப்படியானால் மருந்து இல்லை. ஆனால் அவள்தான் அவன் தலையைப் பிடித்த கையை முகமெல்லாம் தேய்க்கிறாளே, அப்படியானால் மருந்துதான். இப்படியே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தேன்.

தம்பியிடம் நேராகச் சொல்வதுதானே என்று இப்போது படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் செட்டியார்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீடு. தம்பி தன்னைப் பற்றிச் சொன்ன புதிதில் அங்கே ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். அவன் மடியில் ஏறி விளையாடிய ஒரு குழந்தையை அதன் தாய் வந்து, “பசிக்கும் இவனுக்கு” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை இன்னொருவர் மடியில் விளையாடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவன் எங்களோடு உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போய்விட்டான். பிள்ளையைத் தூக்காதே என்று நான் எந்தக் காரணத்தோடு சொன்னாலும் அவன் காதில் அந்தச் சிரிப்புதான் கேட்கும் என்று பயந்தேன்.

அதனால் சொல்லாமல் செய்தேன். அவன் மருந்து தடவிவிட்டு வரும் நேரமாகப் பார்த்து அவளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். தூங்கிவிட்டாள் என்றேன். சளி பிடித்திருக்கிறது என்றேன். நான்கைந்து நாள் இப்படிப் போனது.

அதே வாரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மாமியார் பேசினார்கள். குழந்தைக்குத் திருவண்ணாமலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய குன்றில் இருக்கும் பெருமாள் கோயில். “தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் முடி இறக்கணும். ஒங்க வீட்டுல யாரும்மா உக்காருதாக?” என்று கேட்டார்கள். “என் தம்பிதான் அத்தை” என்றேன். அவர்களுக்கு எல்லாம் தெரியும். “சரி” என்றார்கள். அந்த ஒரு ‘சரி’யை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இந்தப் பேச்சைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாள், மாமியார் கேட்டதை மட்டும்.

மாடியில் பிள்ளைத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் இடுப்பில் இருந்தாள். அவன் ஏறி வந்து கையை நீட்டினான். அவளும் தாவினாள். நான் ஒரு அடி பின்னால் போனேன்.

“பசிக்குதுன்னு சொல்லாத” என்றான். “இப்பத்தான் குடிச்சா, பாத்துட்டுத்தான் வாரேன்.”

“அதுக்கில்லடா…”

“ஒங்க அத்தை என்ன சொன்னாங்க? நான் உக்காரக் கூடாதுன்னாங்களா? சொல்லு. பெரியம்மா மகன உக்கார வையி. அதுக்காக நாலு நாளா பிள்ளைய ஒளிச்சு வைக்கணுமா? நேரா சொன்னா நான் என்ன சண்டைக்கா வரப்போறேன்?”

“அத்தை ஒண்ணும் சொல்லல. ஒன் தலை மருந்துடா.”

புரியாமல் பார்த்தான். மகளின் நெற்றியைக் காட்டினேன். படித்ததைச் சொன்னேன். அவசரத்தில் முன்பின்னாகச் சொன்னேன். அவன் தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

“இதுதானா?”

“இதுதான்.”

“பிள்ள மேல சத்தியமா?”

“பிள்ள மேல எல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதுதான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “என் தலையில மொளைக்கச் சொன்னா ஒன் மக நெத்தியிலயா மொளைக்குது” என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிந்ததும் அவன் அடுத்ததாகச் சொல்லப்போவதற்காக நான் காத்திருந்தேன். மருந்தை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்வான் என்றே நினைத்தேன். அவன் சொன்னால் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஒத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

“நிறுத்த மாட்டேன்க்கா” என்றான்.

மகளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“எல்லாரும் எனக்கு ரெண்டுல ஒண்ண எடுத்துக்கோன்னுதான் சொல்லியிருக்காங்க. வீடா, நானா. இப்ப டாக்டரு தாடியா முடியான்னு கேக்காரு. இதுலயும் ஒண்ண எடுத்துக்கிட்டு இன்னொண்ண விட என்னால முடியாது. மருந்தையும் விட மாட்டேன், பிள்ளையையும் விட மாட்டேன். வழி என்னன்னு பாரு. நமக்குள்ள நீதான டீச்சருக்குப் படிச்சவ.”

கொஞ்சம் கோபம்கூட வந்தது எனக்கு. பிள்ளையைவிட முடி பெரிதா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். இந்தக் கேள்வியை ஊரில் எந்தத் தாய்மாமனிடமும் யாரும் கேட்க மாட்டார்கள். குழந்தைக்காக அவன் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் அவளைத் தூக்கலாம் என்ற நினைப்பு எனக்குள்ளும் எப்படியோ இருந்திருக்கிறது.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைகள் டாக்டரிடம் அவளைக் காட்டினேன். டாக்டரம்மா நெற்றியைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மருந்தாலும் இருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம், எதுவானாலும் மருந்து இனிமேல் மேலே படக் கூடாது, படாமல் இருந்தால் நாளடைவில் உதிர்ந்துவிடும் என்றார். “யாரு போடுறாங்க, அப்பாவா?” என்றார். “மாமா” என்றேன். “மாமாவ நல்லாக் கைகழுவச் சொல்லுங்க. தலைய அலசிட்டுத் தூக்கச் சொல்லுங்க. இதுக்குப் போயி ஏன் இவ்வளவு பதட்டம்?”

வழி அப்படித்தான் கிடைத்தது. மாலை மருந்தை அவள் தூங்கிய பிறகு தடவினான். காலையில் தடவியதை மில்லிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்துப் போக்கினான். அவன் தலையணையைத் தனியாக வைத்தோம். அப்படியும் எனக்கு நம்பிக்கை வராது. பிள்ளையை வாங்க வரும்போது அவனைக் குனியச் சொல்லித் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். “ராஜபாளையத்து நாய்கூட இம்புட்டு மோந்து பாக்காதுக்கா” என்பான். ஆனாலும் நான் சொல்வதற்கு முன்பே குனிந்துவிடுவான்.

அம்மா இதைச் சில நாள் வேடிக்கை பார்த்தாள். ஒருநாள் துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அவன் குளித்துவிட்டு வந்ததும் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். முன்பக்கம் முடிச்சுப் போடாமல் பின்னால் செருகினாள், குழந்தையின் கன்னத்தில் உறுத்தாமல் இருப்பதற்காக. “நாளைக்கும் இதையே கட்டிக்க, தம்பி” என்றாள். அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதற்கு முன்பும் உண்டா என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு தடவை இருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மகளின் பதினோராவது மாதத்தில் மொட்டை போட்டோம். நெற்றி முடி அதற்குள் குறைந்திருந்தது. குறைந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். வெயிலில் பார்த்தால் இன்னும் தெரிகிறது என்று நான் சொன்னேன். என் கணவர் இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டார். தம்பி முந்தின நாள் காலையிலிருந்தே மருந்தைத் தொடவில்லை. வேட்டி கட்டி வந்திருந்தான். படியேறும்போது அவனே அவளைத் தூக்கிக்கொண்டான். மாமியார் அவனைப் பார்த்து, “மாமா, கீழ பாத்து ஏறுங்க” என்று மட்டும் சொன்னார்கள். பிள்ளை சார்பில் கூப்பிட்டது அது. நான் அதை அந்த ‘சரி’யோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

முடி இறக்குபவர் அவன் மடியில் அவளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார். அவள் வீறிட்டாள். அவன் அவள் கைகள் இரண்டையும் தன் ஒரு கைக்குள் அடக்கிக்கொண்டு, தாடையை மென்மையாகப் பிடித்துக்கொண்டான். அழாதே என்று அவன் சொல்லவே இல்லை. “முடிஞ்சிரும், முடிஞ்சிரும்” என்று மட்டும் சொன்னான். முடி இறக்குபவர் அவன் நெற்றியைப் பார்த்துவிட்டு, “மாமாவுக்கும் சேத்து இறக்கிருவமா? பாதி வேலை முடிஞ்சுதான இருக்கு” என்றார்.

“அய்யய்யோ, ஆள விடுங்க” என்று அவன் ஒரு கையால் தன் தலையைப் பொத்திக்கொண்டான். “இதக் காப்பாத்த நான் பட்ட பாடு எங்கக்காவக் கேளுங்க.” மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சவரக்கத்தி பின்னந்தலையிலிருந்து முன்னால் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடி முடிகிற இடத்தில் நிற்கும் என்று நினைத்தேன். அவர் நிற்கவில்லை. வழக்கமாகச் செய்வதுபோல நெற்றியையும் புருவத்துக்கு மேல் வரை ஒரே இழுப்பில் வழித்துவிட்டுத் துண்டால் துடைத்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த முடி மருந்தால் வந்ததா, மாமனார் வீட்டிலிருந்து வந்ததா, தானாக உதிர்ந்திருக்குமா, இனி எனக்குத் தெரியப்போவதில்லை. மழமழவென்ற தலையோடு அவள் விம்மிக்கொண்டே அவன் தோளில் ஏறி, நெற்றியை அவன் காதோரம் அழுத்திக்கொண்டாள். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நான் அருகில் போனேன். அவன் பழக்கத்தில் தலையைக் குனிந்தான். நான் முகர்ந்து பார்க்கவில்லை. அவள் தலையில் சந்தனத்தைத் தடவ ஆரம்பித்தேன்.