வெங்கடப்பன் தள்ளிவிட்ட பாதி

சூளகிரி பஸ்ஸில் வந்த ஆள், ஓசூரில் என் வைத்தியசாலை வாசலில் நின்றபடியே சொன்னான்: "டாக்டரே, வெங்கடப்பரு போயிட்டாருங்க. புளி உலுக்க மரமேறினவரு விழுந்துட்டாரு." அழுகை பிறகுதான் வந்தது. இந்த வயதில் மரம் ஏறினானா என்ற வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது. நானும் அவனும் சிநேகிதர்கள், ஒரே வருஷத்துப் பிள்ளைகள். எனக்கு வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

அவன் சாப்பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், எப்போதும் அரைவயிறுதான். அரிசிப் பங்கீடு நீங்கி ஊரே வயிறாரத் தின்ற காலத்திலும் அவன் மாறவில்லை. நம் பக்கத்தில் விருந்தாளிக்கு அரை உருண்டைக் களி வைப்பது மரியாதைக் குறைவு. மீதம் வைத்தாலோ வீட்டுக்காரிக்கு மனத்தாங்கல். அதனால் வாய் வைக்குமுன்பே உருண்டையைப் பிட்டு, பாதியைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவான். பக்கத்து இலை எப்போதும் என்னுடையது. எனக்கோ அவரைக் குழம்பைக் கண்டால் கை நிற்காது.

அவனுடைய நாடி நிதானமாக நடக்கும். ரத்த அழுத்தம் இளவட்டத்துக்கு உரியது. ஒருநாள் விளையாட்டாக இருவர் சிறுநீரையும் சர்க்கரைப் பரிசோதனைக்காக நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினேன். அவனுடையதில் மருந்து நீலமாகவே நின்றது. என்னுடையது செங்கல் நிறமாயிற்று; அவ்வளவு சர்க்கரை.

"ஏண்டா, நீதானே டாக்டரு?" என்று சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ தள்ளின பாதியெல்லாம்தான்டா இது!"

"நான் தள்ளினேன். நீ ஏன் முழுங்கினே?"

அரைவயிறு தின்னும் எலிகள் கூடுதல் காலம் வாழ்கின்றனவாம், மனிதருக்கு அது பொருந்துமென்று யாரும் நிரூபிக்கவில்லை என்று அவனை மட்டம் தட்டப் பார்த்தேன். "எலிக்குத் தீனியை அடுத்தவன் நிறுத்தறான். என் கையை நானே நிறுத்தறேன்" என்றான். என்ன திமிர்! அந்தத் திமிரில் கொஞ்சம் எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா?

கருமாதியன்று அவன் மனைவி லட்சுமம்மா படையலில் முழு உருண்டை வைத்தார். பந்தி போட்டதும் அதைப் பிட்டுப் பாதியை என் இலையில் வைத்தார். "அவரு இருந்தா உங்களுக்குத்தானேண்ணா தள்ளுவாரு."

இப்போது வீட்டில் நானும் உருண்டையைப் பாதியாகப் பிட்டுவிடுகிறேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். சர்க்கரை இறங்குமா, ஆயுசு கூடுமா, தெரியாது. மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்க்கிறேன். பாவி, கொடுத்துவைத்தவன். அவனுக்குத் தள்ளிவிட நான் இருந்தேன்.